வீட்டுச் சுருதி

ஹவாய் தீவின் ஹீலோ ஊர்த் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் கச்சேரி. மேடையோரம் கிட்டாருடன் நின்ற புவானானி கணவனிடம் கிசுகிசுத்தாள்.

"அண்ணன் முன்வரிசையில உட்கார்ந்திருக்கான். கிட்டார் தந்திகளை முறுக்கி வைக்கிற நம்ம வீட்டு ரகசியச் சுருதியை அப்பா மூத்தவனுக்கு மட்டும்தான் சொன்னாரு. அவனும் அதை ரெக்கார்டுகூட போடவிடாம பொத்திவெச்சிருக்கான். நான் கதவுக்குப் பின்னால நின்னு திருடினேன்னு தெரிஞ்சா கொன்னுடுவான்!"

"மச்சான் ரெண்டாவது பாட்டுலயே குறட்டை விடுவாரு. போடி!" என்று கணவன் தள்ளிவிட்டான்.

அந்தச் சுருதியிலேயே வாசித்து முடித்தாள். கைதட்டலுக்கு நடுவே அண்ணன் கவிகா இறுகிய முகத்தோடு மேடையேறி வந்தான். பிறர் சுருதியைக் கண்டுபிடிக்காதிருக்க, வழக்கப்படி தந்திகளைத் தளர்த்தப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தளர்த்தாதடி! போன வருஷம் தலையில அடிபட்டதுலேருந்து எனக்கு அந்தச் சுருதி சுத்தமா மறந்துபோச்சு. யார்கிட்டயும் சொல்லல. அப்பாவோட சொத்தைத் தொலைச்சுட்டேனேன்னு தினமும் பயந்து செத்துட்டிருந்தேன்."