பெட்டகத்தில் ஒன்று குறைந்தது

இரும்புப் பெட்டகத்தைத் திறந்ததுமே மார்லிஸின் கண் மேல்தட்டுக்குப் போனது. கைத்துப்பாக்கியைக் காணோம்.

மான் வேட்டைக் காலம் நெருங்கிவிட்டது. மகளின் வேட்டைத் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கலாம் என்றுதான் அவள் வந்தாள். நீளத் துப்பாக்கிகள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. மேல்தட்டில் மட்டும் தூசி படியாத ஒரு தடம்.

எண் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எண் தெரிந்தவர்தான் திறந்திருக்க வேண்டும்.

எண் அவளுக்குத் தெரியும். கணவன் கர்டிஸுக்குத் தெரியும். பதினாறு வயது மகள் ஹேலிக்கும் தெரியும்.

ஹேலிக்குச் சொல்லவே கூடாது என்று அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றவள் மார்லிஸ். "பக்கத்து வீட்டுக்கே ஆறு மைல் போகணும். நாம இல்லாத நேரத்துல எவனாவது உள்ள வந்தா புள்ள என்ன பண்ணும்?" என்றான் கர்டிஸ். கடைசியில் ஹேலிக்கும் எண்ணைச் சொல்லிவிட்டார்கள்.

ஹேலி கொஞ்ச நாளாகவே சரியில்லை.

தட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள். கைப்பந்து அணியிலிருந்து தானாகவே விலகிவிட்டாள். கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். போன வசந்தத்தில் அவள் வகுப்புப் பையன் ஒருவனைப் புதைத்தார்கள். எப்படிச் செத்தான் என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெரியாதவரும் யாரும் இல்லை.

மார்லிஸ் மகளின் அறைக்கு ஓடினாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். பள்ளிப் பையைக் கவிழ்த்தாள். குளிர்காலப் பூட்ஸுக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

எங்கேயும் இல்லை. கிடைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அப்போதுதான் தபால்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. நூலகத்துக்குப் போனேன் என்று ஹேலி சொன்ன அன்று, அவள் வண்டி வெர்லின் வீட்டு வாசலில் நின்றதாம். வெர்லின், கர்டிஸின் அண்ணன். நிலம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சர்ச்சில்கூட ஆளுக்கொரு பக்கம்தான் உட்காருவார்கள். அங்கே இவளுக்கு என்ன வேலை?

அப்போது கேட்டதற்கு, "அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல" என்று ஹேலி சிரித்தாள். பொய் சொல்லும்போது சிரிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது?

கொட்டகையிலிருந்து 'டங் டங்' என்று சத்தம் வந்தது. கர்டிஸ் டிராக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட ஜன்னல்வரை போனவள் நின்றுவிட்டாள். மழை பொய்த்து, ஆகஸ்டில் மாடுகளை மொத்தமாக விற்றதிலிருந்து அவனே பாதி ஆளாகிவிட்டான். இதையும் அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.

வாசலில் ஹேலியின் வண்டி வந்து நின்றது. உள்ளே நுழைந்தவளின் மணிக்கட்டை மார்லிஸ் இறுகப் பிடித்தாள்.

"எங்கடி அது?"

எது என்று ஹேலி கேட்கவில்லை. எடுத்தது இவள்தான்.

"பெரியப்பா வீட்ல."

"உனக்கு என்னடி கண்ணு கஷ்டம்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஹேலி ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள்.

"ஐயோ அம்மா, எனக்காக இல்ல."

கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வாரம் தொழுவத்துக்குப் போனேன். ஒரு மாடுகூட இல்லாத தொழுவத்துல அப்பா வாளியைக் கவுத்துப்போட்டு உக்காந்திருந்தாரு. மடியில அது. என்னைப் பாத்ததும் அதைத் துடைக்கிற மாதிரி தேய்ச்சாரு. கையில துணியே இல்லம்மா."

மார்லிஸின் பிடி தளர்ந்தது.

மகள் எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று இத்தனை நாள் பார்த்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனை அவள் பார்க்கவே இல்லை.

"மத்ததையும் இன்னைக்கே எடுத்துட்டுப் போறோம். பெரியப்பா வந்துட்டிருக்காரு. ஒளிச்சுச் செய்ய வேணாம், அவன் கண்ணு முன்னாடியே எடுப்போம்னு சொல்லிட்டாரு."

நிலம் பிரித்த பிறகு முதல்முறையாக வெர்லினின் சரக்கு வண்டி அந்த முற்றத்துக்குள் திரும்பியது.

தாயும் மகளும் கைக்கு இரண்டாகத் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கொட்டகைச் சத்தம் நின்றது. கையெல்லாம் கிரீஸோடு கர்டிஸ் வெளியே வந்தான்.

துப்பாக்கிகளைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். வண்டிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தான். அவன் முகத்தில் கேள்வியே இல்லை.

கத்தட்டும், குறுக்கே வந்து விழட்டும், நான் நிற்கப் போவதில்லை என்று மார்லிஸ் நடந்தாள். ஹேலி அவளை ஒட்டியே வந்தாள்.

கர்டிஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். வண்டியைச் சுற்றிப் போய், தாழ்ப்பாளை நீக்கி, அவர்களுக்காகப் பின்பலகையை இறக்கிவிட்டான்.