வெடிக்கு முந்தின குரல்

செல்லத்தாயி குவாரி ஆபீசில் வந்து நின்றாள். வெடி வைக்கும் முன் ஒலிபெருக்கியில் எச்சரிக்கிற குரல், பாறை சரிந்து செத்துப்போன அவள் புருஷனுடையது. அந்தப் பதிவு ஓடுகிற பழைய கம்ப்யூட்டரை இன்றைக்குக் கழற்றுகிறார்கள். குரல் அவளுக்கு வேண்டும்.

“அப்படி ஒரு ஃபைலே இதுல இல்லம்மா,” என்றார் மேனேஜர்.

“நேத்துகூடக் கத்துச்சே சார், இல்லாமலா? வீட்ல வாயே திறக்காத மனுஷன், இதுலதான் பேசியிருக்காரு.”

கழற்ற வந்த ரெஜினா சிரித்தாள். “புரோகிராமுக்குள்ளயே வச்சுத் தைச்சிருக்காங்கக்கா. அந்தப் புரோகிராமையே சாதாரண ஃபைல் மாதிரி திறந்து எடுத்துடலாம்.”

எடுத்து, ஒலிபெருக்கியிலேயே ஓடவிட்டாள். “வெடி போடுறோம், எல்லாரும் தள்ளி ஓடுங்க.”

வெளியே ஆட்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டுப் பாறை மறைவுக்கு ஓடினார்கள். மேனேஜர் மேசைக்கடியில் குனிந்தார். செல்லத்தாயி மட்டும் ஒலிபெருக்கியை நோக்கி நடந்தாள்.