இறங்கும்போது எதைப் பிடிப்பது

டிரெட்மில்லில் கால் வைப்பதற்கு முன்பே அப்பா தடுமாறினார்.

விற்பனையாளர் பாய்ந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவின் காதோர வெள்ளையையும் கையிலிருந்த தடியையும் பார்த்ததிலிருந்து ஐயா, ஐயா என்று உருகிக்கொண்டிருந்தார். நாற்காலிகூடக் கொண்டுவந்து போட்டார்.

"எனக்கு வேணாம் தம்பி. உக்காந்தா எந்திரிக்கிறது பெரும்பாடு. பாப்பா உக்காரட்டும்."

அப்பாவின் கையைப் பிடித்தபடியே போய், நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் கைப்பை. உள்ளே வந்தால் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன் என்று வண்டியிலேயே அப்பாவின் உத்தரவு.

போன வாரம் போன கடையில், ஏறி நிற்பதற்குள் ஊரே கூடிவிட்டது. ஒருவர் சோடா வாங்க ஓடினார். வெறுங்கையோடு திரும்பினோம். இந்தக் கடையும் சரிப்படாவிட்டால் இனி கடை ஏறுவதில்லை என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது.

ஆனால் கால்கள் அசைந்துகொண்டே இருந்தால்தான் நடை நின்றுபோகும் நாளைத் தள்ளிப்போட முடியும். பிசியோதெரபிஸ்ட் கறாராகச் சொல்லியிருந்தார். குளியலறையில் விழுந்த பிறகு தெருவில் நடப்பதும் நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளேயே ஏதாவது வேண்டும். அந்த ஏதாவதே கீழே தள்ளிவிடவும் கூடாது.

"நாம நின்னாலும் இது ஓடிக்கிட்டே இருக்குமே?" என்றார் அப்பா.

"இந்தக் கயித்த இழுத்தா நின்னுடும் ஐயா."

"விழுற அவசரத்துல கயித்தத் தேடுவேனா, கடவுளத் தேடுவேனா?"

விற்பனையாளர் சிரித்துவிட்டு, சமநிலைப் பயிற்சிக்கென்று ஓர் ஆடும் பலகையைக் காட்டினார். அப்பா அதைத் தூங்குகிற நாயைத் தட்டுவதுபோலத் தடியால் தட்டிப் பார்த்தார். நன்றாக நிற்கிறவனையே இது கவிழ்த்துவிடும் என்றார்.

அடுத்தது சைக்கிள். உயரமான சீட்டு, நடுவில் ஒரு கம்பியைத் தாண்டிக் காலைப் போட வேண்டும். அப்பா இடது காலைத் தூக்கினார். பாதி தூக்கியதும் கால் நுனி கம்பியில் இடித்தது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கை காற்றில் எதையோ தேடியது.

அச்சு அசலாக அப்படித்தான் நடக்கும்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை விற்பனையாளர் துடைத்தார். முதுகு சாய்த்து உட்காரும் சைக்கிள். நாற்காலி போலத் தாழ்வான சீட்டு, முன்பக்கம் மிதிகட்டை, தாண்டுவதற்குக் கம்பி கிடையாது.

"ஏறுறது இருக்கட்டும் தம்பி. இறங்குறப்ப எதப் பிடிக்கிறது?"

சீட்டின் இரு பக்கமும் கைப்பிடிகள் இருந்தன. அப்பா பிடித்தார், திரும்பினார், உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி உட்கார்ந்து உடம்பை இப்படியும் அப்படியும் உலுக்கினார். இயந்திரம் அசைந்து கொடுக்கவில்லை. பிறகு சீட்டை முன்னால் இழுத்து, மிதிக்கத் தொடங்கினார். முழங்கால்கள் தாடையை இடித்தன.

"ஐயா, உங்க உயரத்துக்கு சீட்டப் பின்னால தள்ளணும்."

"எனக்கு இதுதான் வசதி," என்றார், முழங்கால்களுக்கு நடுவிலிருந்து.

மிதித்தபடியே என்னைப் பார்த்தார்.

நான் மனதுக்குள் ஏறி இறங்கிப் பார்த்தேன். பிடிக்க வேண்டும், திரும்ப வேண்டும், உட்கார வேண்டும், கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். பிறகு அதையே தலைகீழாக. எங்கேயும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

தலையசைத்தேன். எத்தனையோ நாள் கழித்து மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

பில் போட்டு, பெட்டியை வாசலில் நின்ற எங்கள் வாடகை வண்டியில் ஏற்றினார்கள். விற்பனையாளர் என்னிடம் குனிந்து, "அப்பாவ எவ்வளவு பொறுமையா பாத்துக்கிறீங்க. குடுத்து வச்சவரு," என்றார்.

அப்பாவுக்கு இருமல் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் சத்தம். பின்னால் லாரி ஒன்று வழி கேட்க, வண்டிக்காரர் எங்களை விட்டுவிட்டுப் பெட்டியோடு மெல்ல நகர ஆரம்பித்திருந்தார்.

"ஏய்! நில்லுப்பா!"

தடியை என் மடியில் எறிந்துவிட்டு அப்பா ஓடினார். வாசல்படிகளை மொத்தமாகத் தாண்டிக் குதித்தார். வருடக்கணக்காக ஏணியில் ஏறிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற கால்கள். காதோரத்து வெள்ளையும் இன்று காலை அடித்த பெயின்ட்தான்.

விற்பனையாளர் வாசலைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். பிறகு என்னை.

ஒளிக்க இனி எதுவும் இல்லை. கல்லாவைப் பிடித்து எழுந்தேன். என் உயரத்துக்கு வெட்டிய தடி. கையில் சரியாக உட்கார்ந்தது. முதல் அடியிலேயே இடது கால் நுனி தரையில் உரசிச் சத்தம் எழுப்பியது.

அவர் ஓடிவந்து தோளைப் பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் போய், வாசலில் கிடந்த கால்மிதியைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிய அப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது போலும். வெயிலில் நொண்டிக்கொண்டே வந்தார்.

இந்த முறை வலது காலை.

"மெதுவா, ஐயா. பாத்து வாங்க," என்றார் விற்பனையாளர், கொஞ்சமும் சிரிக்காமல்.