நிற்காத மிஷின்

"அவசர ஆர்டர், தலைக்கு மேல வேலை. நீ உன் வேலையைப் பாரு, நான் என் வேலையைப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அப்பா போனைத் தையல் மிஷினுக்கு எதிரே துணிக்கட்டின் மேல் சாய்த்து வைத்தார்.

மகள் விடுதி அறையில் தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். முகம் பார்க்க வேண்டாம், மிஷின் சத்தம் கேட்டால் போதும்.

மாலை ஐந்து மணிக்குள் ப்ராஜெக்ட் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இன்றும் தவறினால் ஒரு வருஷம் போச்சு.

எழுதத் தெரியாதவள் இல்லை, ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவள். வீட்டில் அவளுக்குப் பெயரே பம்பரம். தண்ணீர் குடிக்க எழுந்தால் பாட்டிலைக் கழுவுவாள். பாட்டிலை வைக்கப் போனால் அலமாரியைக் கலைத்துப்போடுவாள். பிறகு அதன் நடுவில் உட்கார்ந்து, எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பாள்.

பல்கலைக்கழக டாக்டர் அதற்கு ஏடிஹெச்டி என்று பெயர் சொன்னார். கூடவே யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் உனக்கும் வேலை ஓடும் என்றார்.

அம்மா நம்பவில்லை. உடம்பு வணங்காததற்கெல்லாம் இப்போது ஒரு பெயர் வந்துவிட்டது என்றாள். அப்பா மறுநாளே கடையிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டார்.

அன்று முதல் அவர் தைப்பார், இவள் எழுதுவாள். பேச்சே கிடையாது.

ஒரே தொல்லை, மிஷின் நிற்கும். பாபினில் நூல் தீர்ந்தால் நிற்கும். அளவு கொடுக்க ஆள் வந்தால் நிற்கும். அது நின்றால் இவள் கையும் நின்றுவிடும்.

போன வாரம் நூல் அறுந்த நேரத்தில் எழுந்து போனவள், ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள். இரண்டாவது தவணை அப்படித்தான் போனது. அப்பாவிடம் சொல்லி ஓவென்று அழுதாள்.

இன்று என்ன அதிசயமோ, மிஷின் நிற்கவே இல்லை. கடைக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. அது பாட்டுக்குக் கடகடவென்று ஓடியது. இவளும் கூடவே ஓடினாள். மதியம் சாப்பிட்டாளா என்பதுகூட நினைவில்லை.

முடிவுரை எழுதி, பக்க எண் போட்டு, ஏற்றினாள். கிடைத்துவிட்டது என்று திரையில் பதில் வந்தது. ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

போனை நிமிர்த்தினாள்.

அப்பா குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடையின் ஷட்டர் இறக்கியிருந்தது.

மிஷின் மேல் நூல்கண்டு இல்லை. ஊசியிலும் நூல் இல்லை. அடியில் அவருடைய பழைய சட்டை ஒன்று, வரிசை வரிசையாக ஓட்டை விழுந்து, போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, அவசர ஆர்டர் முடிஞ்சுதா?"

அப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"இப்பத்தாம்மா முடிஞ்சுது."