மடங்காத துப்பாக்கி

"இது வேண்டாம். ரொம்ப லேசா இருக்கு."

மனைவி இப்படிக் கழித்துக் கட்டிய நாலாவது ஏர் ரைபிள் அது. கடையின் கண்ணாடி மேஜை மேல் துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன. கணவருக்குத் தலை சுற்றியது.

"லேசா இருந்தா நல்லதுதானே? இந்த வயசுல நீ என்ன எல்லையில காவலுக்கா நிக்கப் போறே?"

"சும்மா இருங்க. துப்பாக்கின்னா கையில ஒரு கனம் தெரியணும்."

தொழிலை விட்டு ஓய்வெடுக்கும் பெண்கள் தோட்டம் போடுவார்கள், இல்லையென்றால் டிவி பார்ப்பார்கள். இவளோ பேக்கரியை விற்ற கையோடு குறி பார்த்துச் சுடும் கிளப்பில் பேர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவளுக்குத் துணையாக, கட்டுப் பிரித்த கையுடன் இவர்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது முழங்கை முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் தினமும் பயிற்சி செய்யாவிட்டால் கை இப்படியே விறைத்துப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை, "வலிக்குதுன்னு சொல்றேன், காதுல விழலையா?" என்று கத்தி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் மனுஷன். அன்றிலிருந்து சட்டைப் பட்டன் போட்டுவிடுவதுகூட மனைவிதான். சாப்பாடு ஊட்டாத குறை.

கடைக்காரர் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை எடுத்து வைத்தார்.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு, அதுவும் பெரியவங்களுக்கு, இதுதான் சார் வசதி. காஸ் வச்சது. கைக்கு வேலையே இல்ல. குண்டைப் போட்டுச் சுட வேண்டியதுதான்."

"கேட்டியா? இதை எடு, கிளம்பலாம்."

"காஸ் தீர்ந்துட்டா? அடுப்புக்குக் காஸ் தீர்ந்தாலே நீங்க போன் பண்ண ஒரு வாரம் ஆகுது." அவள் பார்வை மூலைக்குப் போனது. "அது என்ன?"

கடைக்காரர் விழித்தார். "அது ஸ்பிரிங் துப்பாக்கிம்மா. ஒவ்வொரு தடவையும் குழலைக் கையால மடக்கி நீட்டினாத்தான் சுட முடியும். கொஞ்சம் முரடு. ஆனா அம்மாவுக்குத்தான் இது..."

"எடுத்துக் குடுங்கன்னா எடுத்துக் குடுங்களேன்!"

அவள் முறைத்த முறைப்பில் கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

சுட்டுப் பார்ப்பதற்காகக் கடைக்குப் பின்னால் ஒரு நீள அறை இருந்தது. அதன் கோடியில் ஒரு மரப் பலகை. பலகையில் வட்டம் வட்டமாகப் போட்ட காகிதம். மனைவி துப்பாக்கிக் குழலைப் பிடித்து இழுத்தாள். முக்கினாள், முனகினாள். குழல் அசையவே இல்லை.

"என்னங்க, நீங்க கொஞ்சம் மடக்கிக் குடுங்களேன்."

"என் கை இருக்கிற லட்சணத்துக்கா?"

"இடது கையாலதான் பாருங்களேன்."

இடது கையால் இழுத்தார். குழல் பாதியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். மானம் போகிறதே என்ற கடுப்பில் வலது கையையும் சேர்த்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழு. 'ணக்' என்று குழல் மடங்கியது.

"அம்மாடி!" என்றார்.

அவள் குண்டைப் போட்டு, குழலை நிமிர்த்தி, சுட்டாள். குண்டு காகிதத்தின் பக்கமே போகவில்லை.

"தப்பிடுச்சு. இன்னொரு தடவை மடக்குங்க."

மடக்கினார். அதுவும் தப்பியது. மறுபடி மடக்கினார். இந்த முறை காகிதத்தின் ஓரம் கிழிந்தது.

"பாத்தீங்களா! கிட்ட வந்துட்டேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"அறிவிருக்கா உனக்கு?" அவர் வெடித்தார். "கிளப்புல யாரு உனக்கு மடக்கிக் குடுப்பா? உங்க அப்பாவா எழுந்து வரப் போறாரு?"

"நீங்க எதுக்கு இருக்கீங்க? வாரத்துல மூணு நாள்தானே, கூட வாங்க."

"கடவுளே! பேக்கரியையே வச்சிருந்திருக்கலாம். நீ உள்ள மாவு பிசைஞ்சிட்டு இருந்திருப்பே, நான் நிம்மதியா கல்லாவுல உட்கார்ந்திருப்பேன்."

"பேசாம மடக்குங்க."

"இதுல மலைக்க என்ன இருக்கு? இப்படிப் பிடிக்கணும், இப்படி இழுக்கணும். அவ்வளவுதானே!" ஒரே வெட்டில் மடக்கிக் காட்டினார்.

"எங்க, எனக்குச் சரியாத் தெரியல. இன்னொரு தடவை காட்டுங்க."

அவள் சுடுவதும் இவர் மடக்குவதும், இவர் திட்டுவதும் அவள் காதில் வாங்காததுமாக நேரம் போனது. கடைசியில் சட்டை முதுகோடு ஒட்ட, அவர் துப்பாக்கியைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"இதையே கட்டிக் குடுங்க சார். இல்லேன்னா இவ என்னை இங்கேயே சாகடிச்சிடுவா."

பணத்தைக் கட்டிவிட்டு, நீளப் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று தெருவில் இறங்கினார்.

அதற்காகவே காத்திருந்தவர் போலக் கடைக்காரர் பாய்ந்து வந்தார்.

"என்னம்மா இது அநியாயம்! நேத்து தனியா வந்து எல்லாத் துப்பாக்கியையும் பாத்துட்டு, இதைத்தான் மாவு பிசையற மாதிரி அலட்சியமா மடக்கினீங்க. அஞ்சு குண்டும் நடு வட்டத்துல. இன்னைக்கு உங்க கைக்கு என்ன ஆச்சு?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கணவர் எரிச்சலோடு ஒரு டாக்ஸியை 'வா, வா' என்று வலது கையை நீட்டி மடக்கி அழைத்துக்கொண்டிருந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கைக்கு ஒண்ணும் ஆகல சார். மடங்காம இருந்தது அவர் கைதான்."