பூப் பொட்டலம்

குற்றாலநாதர் சந்நிதிப் படியில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. வாழையிலையில் மடித்து நாரால் கட்டியவை. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி என்று பேச்சு.

வெள்ளை வந்தால் ஆதித்தன் இந்தியாக்காரன் ஆகிவிடுவது. சிவப்பு வந்தால் மலேசியாக்காரனாகவே இருந்துகொள்வது.

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூக்கட்டிப் பார்க்கிற ஊர்தான். பாஸ்போர்ட்டுக்குப் பூக்கட்டியது இதுதான் முதல் தடவை. அர்ச்சகரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றினார்.

யோசனை மாமனார் குத்தாலிங்கத்துடையது. தென்காசியில் பாத்திரக்கடை. ஒரே மகள் கோமதியை மலேசியாவில் தைப்பிங் ஊர் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, கடையைக் காட்டி மாப்பிள்ளையை இங்கேயே இருத்திக்கொண்ட கெட்டிக்காரர். அது ஆகிறது பதினோரு வருஷம்.

அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. போன வருஷம், எண்பத்து நாலில், சட்டம் மாறியது. விசா, பதிவு, நீட்டிப்பு என்று திருநெல்வேலிக்கு நடையாய் நடக்க வேண்டியதாயிற்று. என்றைக்காவது ஒரு அதிகாரி இல்லை என்று சொல்லிவிட்டால், கோமதியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சரி, இந்தியாக்காரனாகிவிடலாம் என்றால் அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தைப்பிங்கில் அம்மா தனியாக இருக்கிறாள். பெற்றவளைப் பார்க்க, பிறந்த ஊருக்குள் நுழைய, விசா கேட்டு நிற்க வேண்டும். அதை நினைத்தால் ஆதித்தனுக்குச் சோறு இறங்காது.

மதில்மேல் பூனையாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. பூனைக்குக்கூட அலுத்திருக்கும்.

பொட்டலத்தை மாமனார் கட்டக் கூடாது என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். மனிதர் வியாபாரி, இரண்டிலும் வெள்ளையை வைத்துவிடுவார். கோமதிதான் கட்ட வேண்டும் என்றான். அவளும் அதையேதான் செய்வாள் என்பது அவனுக்குத் தெரியும். புருஷனைக் கடல் தாண்டி அனுப்ப எந்தப் பெண்டாட்டி பூக்கட்டுவாள்? அதில் அவனுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்கூட.

திங்கட்கிழமை திருநெல்வேலி போய் வந்ததிலிருந்தே ஆள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். காரணமே இல்லாமல் ஒரு கிலோ அல்வா வாங்கி வந்தான். கோமதி சந்தேகமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தின்றாள்.

இப்போது மாமனார் பக்கத்தில் இல்லை. கோயில் வாசலில் ஒரு குரங்கு அவருடைய அர்ச்சனைப் பழத்தையும் தேங்காயையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதனிடமிருந்து தேங்காயையாவது மீட்காமல் வருவதில்லை என்று வெளியே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கற்பூரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆதித்தன் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

சிவப்பு.

அருவிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. பதினோரு வருஷம் சேர்ந்து படுத்து எழுந்தவள், உண்மையாகவே ஒன்றில் சிவப்பை வைத்திருக்கிறாளே!

கோமதி சட்டென்று குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்து முந்தானைக்குள் வைத்தாள். எடுக்காத பூவைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விட வேண்டும், அதுதான் முறை என்றாள். சாமி சொல்லியாயிற்று, இனி மலேசியாவாகவே இருங்கள் என்றாள். முகத்தில் ஒரு வருத்தம் இல்லை.

அந்த முகம் ஆதித்தனுக்குப் பழக்கம். கடையில் ஒடுக்கு விழுந்த குடத்தை நல்ல பக்கமாகத் திருப்பி வைத்து விற்கும்போது வருகிற முகம்.

கையை நீட்டி, முந்தானைக்குள் இருந்ததைப் பிடுங்கிப் பிரித்தான்.

அதுவும் செவ்வரளிதான்.

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்கன அத்தை ஒத்தையில கெடக்காவ. நாளைக்கே ஒண்ணுன்னா நீங்க விசாவுக்கு நிக்கணுமாக்கும்? இங்கன வருஷா வருஷம் போலீஸ் ஆபீஸ் வாசல்ல, நானும் கூட வந்து நிக்கேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆதித்தனோ சிரித்தான். சந்நிதி என்றும் பாராமல், தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

சிரித்து முடித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். சாரலில் ஓரம் நனைந்திருந்தது. கலெக்டர் ஆபீஸ் ரசீது. இந்தியக் குடியுரிமை கேட்டு ஆதித்தன் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு பெற்றுக்கொள்ளப்பட்டது என்றிருந்தது. தேதி, திங்கட்கிழமை.

பூக்கட்டுவதற்கு நாலு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எப்படியும் வெள்ளைதான் வரும், வந்ததும் எடுத்துக் காட்டலாம் என்று வைத்திருந்தானாம். அம்மாவுக்குப் போன மாதமே எழுதிக் கேட்டுவிட்டானாம். விசா வாங்கிக்கொண்டு வந்தாலும் நீ என் மகன்தானே, போய்க் கையெழுத்தைப் போடு என்று அவள் பதில் எழுதியிருந்தாளாம்.

கோமதி ரசீதை இரண்டு தடவை படித்தாள். கட்டின புருஷன் என்றும் பாராமல் தோளில் ஒரு குத்து விட்டாள். பிறகு அதே கையால் அவன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

அந்த நேரம் பார்த்து குத்தாலிங்கம் மூச்சிரைக்க ஓடி வந்தார். வேட்டியெல்லாம் சேறு. கையில் பாதித் தேங்காய். என்ன பூ வந்தது என்று கேட்டார்.

இரண்டு செவ்வரளியையும் முந்தானையில் முடிந்துகொண்டு, குற்றாலநாதர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோமதி சொன்னாள்:

"வெள்ளைப்பா."