ஒரே திருப்பில் கிளம்பும் கார்

கறுப்புக் கார் தேவசகாயத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை காலையில். அன்று அவர் அவசரமாக ஷெட்டுக்குள் வந்து, நேரே காரில் ஏறிச் சாவியைப் போட்டார்.

காருக்கு எழுபது வயது. சாவியைத் திருப்பினால் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடும். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை ஒரு துடைப்போடு அவர் கவனிப்பில் அதன் பங்கு முடிந்துவிடும். பக்கத்தில் நின்ற டீசல் மோட்டார் சைக்கிளோ அடிக்கடி மக்கர் செய்யும். தேவசகாயம் அதனருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மணிக்கணக்கில் கழற்றி மாட்டுவார். வருகிறவர்களும், "டீசல்ல ஓடுற பைக்கா!" என்று அதையேதான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள்.

"உனக்கு ஒரு நோவும் வராதா அக்கா?" என்று முந்தின நாள்தான் மோட்டார் சைக்கிள் காரைச் சீண்டியிருந்தது. "பாவம், உன்னை யாரு தொட்டுப் பார்ப்பாங்க?"

கார் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

அதனால் அவர் சாவியைத் திருப்பியபோது அது மூச்சு விடவில்லை. மூன்று முறை திருப்பினார். இப்போது இறங்குவார், பானெட்டைத் திறப்பார், முக்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போடுவார் என்று கார் காத்திருந்தது.

அவர் இறங்கினார். ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை சுவரிலுமாக, ஆட்டோ தேடித் தெருவுக்குப் போனார்.

"அக்கா, அவருக்கு என்னமோ ஆகுது! கிளம்பு!" என்று கத்தியது மோட்டார் சைக்கிள்.

"சாவியைத் திருப்ப ஆள் வேணுமே," என்றது கார்.

எட்டாம் நாள் அவருடைய தம்பி வந்து காரில் உட்கார்ந்தார். சாவி அதிலேயே இருந்தது. ஒரே திருப்பில் கார் கிளம்பியது. பெட்ரோல் பாதித் தொட்டி இருந்தது.